எந்தப் பாடத்துக்குப் பேராசிரியர்?

ஊர் உறவுகளுக்கும் நிலாவெளி, குச்சவெளி, கோபாலபுரம் பக்கத்து நண்பர்களுக்கும் எழுதுகிறோம். கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் உள்ளவர்கள் முழுதாக வாசியுங்கள், நேரம் இல்லாதவர்கள் இரவைக்கு வாசியுங்கள். பாதியை வாசித்துவிட்டுக் கீழே சண்டைக்கு வர வேண்டாம்.

இந்தக் கிழமை ஊர் வட்ஸ்அப் குழுக்களில் ஒரு வீடியோ சுற்றியது. தொலைக்காட்சி விவாதம் ஒன்றில் வெட்டி எடுத்த 2 நிமிடத் துண்டு. ஒரு பேராசிரியர் கோட் சூட்டோடு உட்கார்ந்து எங்கள் சனத்தொகையைப் பற்றிக் கதைக்கிறார். அவர் படிப்பிப்பது சனத்தொகையியல் அல்ல. புள்ளிவிபரவியலும் அல்ல. அதைத்தான் எங்கள் ஆசிரியர்களில் ஒருவர் குழுவில் கேட்டார். உடனே ஒரு தம்பி எழுதினார்: "அவர் ப்ரொபசர். நீங்க இஸ்கூல் மாஸ்டர். உங்களுக்கு என்ன தெரியும்?" அதற்குக் கீழே 30, 40 பேர் கைதட்டு.

அந்தத் தம்பியோடு எங்களுக்குக் கோபம் இல்லை. படித்தவனை மதிக்கச் சொல்லி அவருக்குச் சொல்லிக் கொடுத்ததே எங்களைப் போன்ற மாஸ்டர்கள்தான். ஆனால் பட்டம் என்ற ஒன்றைக் காட்டி வாயை மூடச் சொன்னதால் இந்த நாட்டில் எங்கள் சமூகத்துக்கு என்ன நடந்தது என்பது நாலைந்து வருடத்துக்குள் மறந்து போய்விட்டதா என்பதுதான் கேள்வி.

2020 மார்ச் 30. நீர்கொழும்பில் ஒரு முஸ்லிம் சகோதரர் கொரோனாவில் மௌத்தாகிறார். நாட்டில் அந்த நோயால் இறந்த முதல் முஸ்லிம் அவர். எரித்தார்கள். அதற்கு 6 நாள் முன்னர், மார்ச் 24ஆம் திகதி, உலக சுகாதார நிறுவனம் தன் வழிகாட்டலை வெளியிட்டிருந்தது. அடக்கலாம், எரிக்கலாம், இரண்டுக்கும் தடையில்லை, குடும்பத்தின் மதத்தையும் மரபையும் மதியுங்கள் என்றுதான் அதில் இருந்தது. எங்கள் சுகாதார அமைச்சின் முதல் வழிகாட்டலிலும் அடக்க இடம் இருந்தது. பிறகு அது மாற்றப்பட்டது. ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானி வந்தது. எரிப்பது கட்டாயம்.

என்ன காரணம்? நிலத்தடி நீர்.

அந்த வருடம் ஜூலையில் பிபிசி கேட்டபோது, தொற்றுநோயியல் பிரிவின் தலைவர் சொன்ன காரணமும் இதுதான்: அடக்கினால் குடிநீர் மாசடையலாம். அதற்குப் பிறகு தொலைக்காட்சியில் மாறி மாறிப் பேராசிரியர்கள் வந்தார்கள். மண்ணைப் படித்தவர்கள், கல்லைப் படித்தவர்கள், நீரின் இரசாயனத்தைப் படித்தவர்கள். அவர்களில் சிலர் தங்கள் துறையில் உண்மையிலேயே பெயர் பெற்றவர்கள். கிணற்றில் புளோரைட் எவ்வளவு, கட்மியம் எவ்வளவு என்று கேட்டால் நாங்கள் கைகட்டி நின்று கேட்போம். பெயர் எழுதவில்லை. தேடினால் கிடைக்கும். ஆள் யார் என்பதைவிட அவர் உட்கார்ந்த கதிரை என்ன கதிரை என்பதுதான் எங்களுக்கு முக்கியம். வைரஸ் மனித உடலுக்குள் எப்படிப் பெருகுகிறது, உயிர் போன பிறகு அதற்கு என்ன ஆகிறது, பொலித்தீனில் சுற்றி 6 அடி ஆழத்தில் வைத்த உடலிலிருந்து மண்ணைக் கடந்து கிணற்றுக்கு வருமா, வந்தால் குடிப்பவனுக்கு நோய் வருமா: இது வைரஸ் படித்தவனின் கேள்வி. அந்தக் கேள்விக்கு விடை சொல்ல, அந்தக் கதிரையில் வேறு பாடம் படித்தவரை இருத்தினார்கள். கீழே பெயர்ப்பலகையில் "பேராசிரியர்" என்று மட்டும் ஓடியது.

இன்னொன்றும் உண்டு. "மாசடையலாம்" என்றுதான் சொன்னார்கள். "மாசடைந்தது" என்று ஒருவரும் சொல்லவில்லை. எந்தக் கிணறு, எந்த ஊர், எத்தனை மாதிரி எடுத்தீர்கள், எந்த ஆய்வுகூடம் என்று கேட்டிருந்தால் அந்த நிகழ்ச்சி 5 நிமிடத்தில் முடிந்திருக்கும். கேட்கவில்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு நாங்கள் விஞ்ஞானத்தில் முதலில் சொல்லிக் கொடுப்பதே இதைத்தான். கருதுகோள் ஒன்று, அவதானிப்பு வேறொன்று. பரிசோதிக்காமல் முடிவு எழுதினால் நாங்கள் புள்ளி போடுவதில்லை. அந்தப் பிள்ளை செய்தால் பிழை, பேராசிரியர் செய்தால் வர்த்தமானி.

நிலத்தடி நீரைப் பற்றி எங்கள் ஊருக்குச் சொல்லித் தரவும் வேண்டியதில்லை. மணல் தரை. தோண்டினால் கொஞ்ச ஆழத்திலேயே தண்ணீர். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் களப்பு. நிலாவெளிப் பக்கம் வெங்காயத் தோட்டத்துக்கு அடிக்கிற மருந்து எங்கே போகிறது என்று எங்கள் பெண்களுக்குத் தெரியும், ஏனென்றால் கிணற்றுத் தண்ணீரை அள்ளுவது அவர்கள்தான். 2004 சுனாமியில் இந்தக் கரையோரக் கிணறுகள் எல்லாம் உவர்த்துப் போயின. அப்போது நீரியல் தெரிந்தவர்கள் கிழக்குக் கரைக்கு வந்தார்கள். கிணறு கிணறாகக் கருவி இறக்கி உப்பை அளந்தார்கள். அளந்த பிறகுதான் சொன்னார்கள்: திரும்பத் திரும்ப இறைக்காதீர்கள், அடியிலிருக்கும் உப்புநீர் மேலே ஏறும், மழைக்கு விடுங்கள் என்று. எங்கள் ஆட்கள் நினைத்ததற்கு அது நேர் எதிர். இறைத்தால் சுத்தமாகும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நிபுணர் என்றால் அப்படி இருக்க வேண்டும். நாம் நினைத்ததற்கு எதிராகச் சொன்னாலும், கையில் அளவு வைத்துக்கொண்டு சொல்வார்.

அதே சுனாமியில் இந்த நாட்டில் 30,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கரையோரம் முழுக்க மணலில் அவசர அவசரமாக அடக்கினோம். முஸ்லிம், தமிழர், சிங்களவர் என்று பார்க்க நேரம் இருக்கவில்லை. அப்போதும் உடல்களால் கொள்ளைநோய் வரும் என்று பயம் கிளப்பினார்கள். வரவில்லை. 2006இல் பான் அமெரிக்க சுகாதார நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் செஞ்சிலுவை அமைப்புகளும் சேர்ந்து அனர்த்தத்தில் இறந்தோரின் உடல்களைக் கையாளும் கைநூல் ஒன்றை வெளியிட்டன. அனர்த்தத்தில் இறந்தோரின் உடல்களால் கொள்ளைநோய் பரவுவதில்லை என்று அதில் தெளிவாக இருக்கிறது. சரி, சுனாமியில் இறந்தவர் நோயால் இறந்தவர் அல்ல, வித்தியாசம் உண்டு. ஒத்துக்கொள்கிறோம். அந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது, எப்படி அளப்பது என்று விளக்கத்தான் ஒரு நிபுணர் தேவைப்பட்டார். அந்த விளக்கத்தை நாங்கள் கேட்கவே இல்லை. கேட்டது என்ன தெரியுமா? சுகாதார அமைச்சோடு இணைந்த ஒரு சட்ட மருத்துவ நிபுணர் வெளிநாட்டுப் பத்திரிகைக்குச் சொன்னார்: யாராவது வேண்டாத ஆள் கையில் உடல் கிடைத்தால் அதை உயிரியல் ஆயுதமாகப் பயன்படுத்தலாம் என்ற சிறு பயம் இருக்கிறதாம். எங்கள் உம்மாவின் மையத்து ஆயுதம்! இதைச் சொன்னவர் ரோட்டில் போகிற ஆள் இல்லை, படித்தவர்.

அந்த நேரத்தில் உண்மையான நிபுணர் இல்லாமலா இருந்தார்? இருந்தார். பேராசிரியர் மலிக் பீரிஸ். இலங்கையர், பேராதனையில் மருத்துவம் படித்தவர், ஹொங்கொங் பல்கலைக்கழகத்தில் இருப்பவர். 2003இல் சார்ஸ் நோய்க்குக் காரணம் ஒரு கொரோனா வைரஸ் என்று கண்டுபிடித்த குழுவின் முக்கியமானவர். கொரோனா வைரசைப் பற்றி உலகத்தில் 10 பேரிடம் கேட்க வேண்டுமென்றால் அதில் ஒருவர் இவர். 2020 கடைசியில் ஓர் உள்ளூர்த் தொலைக்காட்சி அவரிடம் கேட்டது. வைரஸ் பெருக உயிருள்ள கலம் வேண்டும், இது தண்ணீரால் பரவும் நோய் அல்ல, அடக்கிய உடலால் பரவியதற்கு ஆதாரம் இல்லை என்றார். அவ்வளவுதான். சுத்தி வளைக்கவில்லை. அரசாங்கப் பக்கத்திலேயே இருந்த பேராசிரியர் திஸ்ஸ விதாரண, அவரும் வைரஸ் படித்தவர், அதையேதான் சொன்னார். தன் கட்சி ஆட்சியில் இருக்கும்போது சொன்னார் என்பதைக் கவனியுங்கள்.

டிசம்பரில் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிரியல் பேராசிரியர் ஜெனிபர் பெரேரா தலைமையில் இன்னொரு குழு போட்டார்கள். அடக்கவும் விடலாம் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. சமுதாய மருத்துவர்கள் கல்லூரி அதையே சொன்னது. இலங்கை மருத்துவ சங்கமும் 2021 தொடக்கத்தில் அதையே சொன்னது. அதற்குப் பிறகும் ஜனவரி முதல் வாரத்தில் சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி பாராளுமன்றத்தில் எழுந்து, எரிப்பதுதான் தொடரும் என்றார். பிரதான குழுவின் முடிவு அதுவாம். அந்தப் பிரதான குழுவின் முழு அறிக்கை அந்த மாதங்களில் எங்கள் ஒருவர் கண்ணிலும் படவில்லை. (அதே அமைச்சர்தான் கேகாலைப் பாணியைக் கமராவுக்கு முன்னால் குடித்துக் காட்டியவர். பாணிக்கும் அப்போது 'நிபுணர்கள்' இருந்தார்கள்.)

ஆக நிபுணர்கள் இரு பக்கமும் இருந்தார்கள் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. ஒரு பக்கம் அந்தப் பாடம் படித்தவர்கள் இருந்தார்கள். மறுபக்கம் வேறு பாடம் படித்தவர்கள் இருந்தார்கள். திரையில் இருவருக்கும் ஒரே அளவு எழுத்தில் "பேராசிரியர்" என்று ஓடியதால் பார்க்கிறவனுக்கு 'படித்தவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு' போலத் தெரிந்தது. ஊடகம் செய்த மோசடி அதுதான். பொய் சொல்லவே தேவையில்லை. பாடத்தின் பெயரை மறைத்தால் போதும்.

டிசம்பர் 1ஆம் திகதி உயர் நீதிமன்றம் எங்கள் மனுக்களை விசாரணைக்கு எடுக்காமலே தள்ளியது. 3 நீதியரசர்களில் 2 பேரின் முடிவு. டிசம்பர் 9ஆம் திகதி, பிறந்து 20 நாளான ஒரு பிள்ளையை எரித்தார்கள். தகப்பன் கையெழுத்து வைக்கவில்லை. பொரளை கனத்தை மயானத்தின் வேலியில் சனங்கள் வெள்ளைத் துணி கட்டினார்கள். முஸ்லிம்கள் மட்டுமல்ல, பாதிரிமாரும் சிங்களச் சகோதரர்களும் வந்து கட்டினார்கள். இரவோடிரவாக அதைக் கழற்றினார்கள். எங்கள் பகுதியிலும் மனிதர்கள் ஆஸ்பத்திரிக்குப் போகவே பயந்தார்கள். காய்ச்சலுக்குப் பயமில்லை, மௌத்துக்கும் பயமில்லை. மௌத்தான பிறகு நடக்கப் போவதற்குத்தான் பயம். இருமலை மறைத்தார்கள். கொரோனாவைக் கட்டுப்படுத்த என்று சொல்லி வந்த சட்டம், நோயாளியை ஒளித்து வைக்கச் செய்தது. இதைப் பற்றி எந்தப் பேராசிரியரும் தொலைக்காட்சியில் ஒரு மணித்தியாலம் கதைத்ததை நாங்கள் பார்க்கவில்லை.

பிறகு என்ன நடந்தது? 2021 பெப்ரவரி 23ஆம் திகதி இம்ரான் கான் கட்டுநாயக்காவில் இறங்கினார். ஜெனீவாவில் மனித உரிமைப் பேரவை கூடியது. பெப்ரவரி 25ஆம் திகதியிட்ட வர்த்தமானியில் அடக்கலாம் என்று வந்தது. எங்களுக்கு ஒரு சின்னச் சந்தேகம். பெப்ரவரி 24 வரைக்கும் நஞ்சாகிக்கொண்டிருந்த நிலத்தடி நீர் 25ஆம் திகதி எப்படிச் சுத்தமானது? புதிய ஆய்வு வந்ததா? புதிய கருவி வந்ததா? விமானம்தான் வந்தது. விஞ்ஞானம் என்று 11 மாதம் எங்களுக்குச் சொன்னது விஞ்ஞானம் இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

முதலில் இரணைதீவு என்றார்கள். அங்கே இருக்கும் கத்தோலிக்க மீனவர்களிடம் கேட்காமலே. அவர்கள் எதிர்த்தார்கள், நியாயம். பிறகு ஓட்டமாவடி மஜ்மா நகர். மார்ச் 5ஆம் திகதி முதல் ஜனாஸா அடக்கப்பட்டது. நாட்டின் எந்த மூலையில் இறந்தாலும் அங்கேதான் கொண்டு போக வேண்டும். ஒரு வருடத்தில் 3,600க்கும் மேற்பட்ட உடல்கள் அந்த மண்ணுக்குப் போயின. முஸ்லிம்கள் மட்டுமல்ல, இந்துக்கள், கிறிஸ்தவர்கள், பௌத்தர்களும் அங்கே இருக்கிறார்கள். அந்தப் பகுதிக் கிணறுகளால் கொரோனா பரவியது என்று ஒரு செய்தி கூட வரவில்லை. 2022 மார்ச் 5ஆம் திகதியிலிருந்து எங்கும் அடக்கலாம் என்றார்கள்.

2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. 276 முஸ்லிம்களின் உடல்கள் எரிக்கப்பட்டதாக எண்ணிக்கை சொன்னது. பாதுகாப்பாக அடக்குவதால் நீர் வழியாக வைரஸ் பரவவில்லை என்று ஆய்வுகள் காட்டியதாகவும் சொன்னது. நல்லது. தாமதம் என்றாலும் நல்லது. ஆனால் மன்னிப்புக் கேட்டது யார்? அமைச்சர்கள். அன்று திரையில் வந்து "விஞ்ஞானம் சொல்கிறது" என்றவர்கள் எங்கே? அதே தொலைக்காட்சியில், அதே இரவுச் செய்தியில், அதே பெயர்ப்பலகையோடு வந்து "நான் சொன்னதற்கு ஆய்வு இருக்கவில்லை" என்று சொன்ன ஒருவரை நாங்கள் பார்க்கவில்லை. யாராவது பார்த்திருந்தால் இணைப்பைக் கீழே போடுங்கள், இந்த வசனத்தை உடனே திருத்துகிறோம்.

2019ஐயும் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது. ஈஸ்டர் தாக்குதல் நடந்து ஒரு மாதம். மே 23ஆம் திகதி ஒரு சிங்கள நாளிதழ் முதற்பக்கத்தில், ஒரு முஸ்லிம் டொக்டர் 4,000 சிங்களத் தாய்மாருக்குக் கருத்தடை செய்தார் என்று போட்டது. அடுத்த நாள் குருநாகல் டொக்டர் ஷாபி கைது. பிறகு தொலைக்காட்சியில் டொக்டர்மாரும் கற்றவர்களும் வந்து, சிசேரியன் செய்யும்போது குழாயை எப்படி நசுக்கலாம் என்று படம் வரைந்து காட்டாத குறை. ஓர் அறுவைச் சிகிச்சைக் கூடத்தில் எத்தனை பேர் நிற்பார்கள், அவர்களுக்குத் தெரியாமல் 4,000 தடவை ஒருவர் இதைச் செய்ய முடியுமா என்று கேட்ட பெண்நோயியல் நிபுணர்களும் இருந்தார்கள். அவர்களின் குரல் எத்தனை வீட்டுக்குப் போனது? குற்றப் புலனாய்வுத் திணைக்களம் ஆதாரம் இல்லை என்றது. 2022இல் அவருக்கு நிலுவைச் சம்பளம் 26 இலட்சத்துக்கும் அதிகமாகக் கிடைத்தது. முழுவதையும் ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்கக் கொடுத்தார். அந்த 4,000 எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் யாரும் சொல்லவில்லை.

இப்படிச் சொன்னதற்கு எங்காவது கணக்குக் கேட்கப்பட்டதா என்று கேட்டால், கேட்கப்பட்டது. ஆனால் இந்த நாட்டில் அல்ல. சிங்கப்பூரில் பேராசிரியராக இருக்கும் ரொஹான் குணரத்ன, பயங்கரவாத நிபுணர் என்று உலகம் முழுக்கப் பேட்டி கொடுப்பவர், 2011இல் கொழும்புப் பத்திரிகை ஒன்றுக்கு ஒரு பேட்டி கொடுத்தார். கனேடியத் தமிழர் பேரவை புலிகளின் முகமூடி அமைப்பு என்ற கருத்தில் பேசினார். அவர்கள் ஒன்டாரியோ நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2014இல் நீதிமன்றம் அது அவதூறு என்று தீர்த்து, 37,000 கனேடிய டொலர் நட்டஈடும் வழக்குச் செலவும் கொடுக்கச் சொன்னது. அதற்குப் பிறகு எங்கள் ஊடகங்கள் அவரைக் கூப்பிடுவதை நிறுத்தினவா? 2019க்குப் பிறகு முன்னையை விட அதிகமாகக் கூப்பிட்டன. தமிழ் அமைப்பு ஒன்றைப் பற்றிய தீர்ப்புத்தானே, எங்களுக்கு என்ன என்று எங்கள் ஆட்களில் சிலர் நினைக்கலாம். அவர்களுக்கு நடந்ததை அன்றைக்கு நாங்கள் கூர்ந்து பார்த்திருந்தால், 2019இல் எங்களுக்கு நடந்தது எந்தப் பட்டறையில் செய்யப்பட்டது என்று விளங்கியிருக்கும்.

இதையெல்லாம் வாசித்துவிட்டு, 'படித்தவன் சொல்லை நம்பாதே, மாஸ்டர்மார் சொல்வதைக் கேள்' என்று நாங்கள் சொல்வதாக யாரும் எடுக்க வேண்டாம். நாங்கள் கல்வியியற் கல்லூரியில் படித்தவர்கள். எங்கள் அளவு எங்களுக்குத் தெரியும். நேர்மாறாகத்தான் சொல்கிறோம். நிபுணர் சொல்லைக் கேட்காததால் இந்த நாடு பட்டது கொஞ்சமா? 2021 மே மாதம் இரசாயன உரத்தை ஒரே இரவில் தடை செய்தார்கள். பேராதனை விவசாயப் பேராசிரியர் புத்தி மாரம்பே ஊடகத்தில் வந்து, இப்படிச் செய்தால் விளைச்சல் விழும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அது அவருடைய பாடம். 30 வருடத்துக்கு மேல் அதைத்தான் படித்தார், படிப்பித்தார். அவருக்குக் கிடைத்த பரிசு, விவசாய அமைச்சின் குழுக்களிலிருந்து நீக்கம். நவம்பரில் தடையைக் கைவிட்டார்கள். அடுத்த ஜனவரியில் நெல் விவசாயிகளுக்கு 40 பில்லியன் ரூபா நட்டஈடு அறிவித்தார்கள். கந்தளாயிலும் மூதூரிலும் வயல் செய்தவர்களிடம் கேளுங்கள், அந்தப் போகம் என்ன கண்டார்கள் என்று. தன் பாடத்தைச் சொன்னவர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். வேறு பாடம் சொன்னவர்கள் திரையில் இருந்தார்கள். இரண்டும் ஒரே வருடங்களில்தான் நடந்தது.

ஏன் இப்படி என்று ஊடகத்தில் வேலை செய்யும் எங்கள் பழைய மாணவர்கள் சிலரிடம் கேட்டோம். ஒளிவு மறைவில்லாமல் சொன்னார்கள். இரவு 8 மணிச் செய்திக்கு 6 மணிக்கு ஆள் தேடுவார்களாம். போன் பட்டியலில் 10, 15 பெயர் இருக்கும். எடுத்தவுடன் பதில் சொல்பவர், அரை நிமிடத்தில் முடிப்பவர், 'ஆனால்' என்று இழுக்காதவர்: அவர்தான் நல்ல நிபுணர். "எனக்கு அது தெரியாது, இன்னாரைக் கேளுங்கள்" என்று ஒருவர் ஒருமுறை சொன்னால் அவர் பெயர் பட்டியலில் கீழே போய்விடும். யோசித்துப் பாருங்கள். 'எனக்குத் தெரியாது' என்று சொல்லத் தெரிந்தவர்தான் உண்மையில் படித்தவர். அவரைத்தான் இந்த முறை முதலில் கழிக்கிறது.

தமிழ் ஊடகமும் இதில் சுத்தம் இல்லை. 'மூத்த அரசியல் ஆய்வாளர்' என்று ஒரு பட்டம் வைத்திருக்கிறார்கள், எந்தப் பல்கலைக்கழகம் கொடுக்கிறது என்று தெரியவில்லை. எங்கள் சமூகத்துப் பேராசிரியர்களும் விரிவுரையாளர்களும் எத்தனை பேர் இருக்கிறார்கள்! ஒலுவிலில் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. ஊரிலிருந்து டவுனுக்கு பஸ்ஸில் போனால் கோணேசபுரியில் வளாகம் தெரிகிறது, தொடர்பாடல் கற்கைப் பீடமே அங்கே உண்டு. அந்த 11 மாதத்தில் துணிந்து பேசியவர்கள் சிலர் இருந்தார்கள், அவர்களுக்கு எங்கள் துஆ. பேசாதவர்களிடம் நாங்கள் கேட்பது வீரம் அல்ல. சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வந்த மருத்துவர் சங்க அறிக்கைகளை எளிய தமிழில் ஒரு பக்கம் எழுதித் தந்திருக்கலாம். மலிக் பீரிஸ் சொன்னதை ஒரு வயசான வாப்பாவுக்கு விளங்கும்படி 5 நிமிடம் பேசி அனுப்பியிருக்கலாம். பதவி உயர்வு நேர்முகம் முடியும் வரை வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, மன்னிப்பு வந்த பிறகு 'முஸ்லிம் சமூகத்தின் மீதான வன்முறை' என்று மாநாட்டில் கட்டுரை வாசிக்கிறவர்களைப் பார்த்தால் எங்களுக்குக் கசக்கிறது. பதிவு கொஞ்சம் சூடாகப் போகிறது என்று தெரியும், போகட்டும்.

எங்களைப் போன்ற அரச ஊழியருக்கு 2022 செப்டெம்பரில் சுற்றறிக்கை வந்தது, சமூக ஊடகத்தில் கருத்து எழுதுவதைப் பற்றி எச்சரித்து. ஊடகத்தோடு பேசுவதற்குத் தாபனக் கோவையில் முன்னமே கட்டுப்பாடு உண்டு. பள்ளிக்கூடத்து மலசலகூடத்தில் தண்ணீர் இல்லை என்று ஓர் ஆசிரியர் ஊடகத்துக்குச் சொன்னால் விளக்கம் கோரிக் கடிதம் வரும். ஒரு சமூகத்தின் ஜனாஸாவைப் பற்றி ஆய்வு இல்லாமல் தொலைக்காட்சியில் சொன்னவருக்கு அப்படி ஒரு கடிதம் போனதா?

எங்கள் கோரிக்கை பெரிதில்லை. பெயருக்குக் கீழே 'பேராசிரியர்' என்று போடும் இடத்தில் பாடத்தையும் போடுங்கள். பேராசிரியர், மண்ணியல். பேராசிரியர், முகாமைத்துவம். 2 சொல்தான், திரையில் இடம் இருக்கிறது. கருத்துச் சொல்கிறவர் அது தன் ஆய்வா, பிறர் ஆய்வா, வெறும் அபிப்பிராயமா என்று சொல்லட்டும். பிழை என்று தெரிந்தால் சொன்ன இடத்திலேயே வந்து திருத்தட்டும். அந்த 276 குடும்பங்களுக்கும் அமைச்சரவையின் மன்னிப்பைப் போல, அந்தக் கதிரைகளில் இருந்தவர்களின் விளக்கமும் கடனாக இருக்கிறது. அது வரும் வரை இந்தக் கணக்கு மூடப்படவில்லை.

கடைசியாக ஒரு வேலை. 2020, 2021 காலத்தில் வந்த தொலைக்காட்சி வீடியோக்கள், பத்திரிகைத் துண்டுகள் பலரின் பழைய போன்களில் இன்னும் கிடக்கும். இடம் போதவில்லை என்று அழித்துவிடாதீர்கள். சனலின் பெயர், திகதி, பேசியவர் பெயர், அவர் சொன்ன பதவி, தெரிந்தால் அவருடைய பாடம் எல்லாவற்றையும் எழுதி எங்களுக்கு இன்பொக்ஸில் அனுப்புங்கள். சிங்களத்தில் இருந்தால் அப்படியே அனுப்புங்கள், மொழிபெயர்க்க ஆள் இருக்கிறது. வெட்டி ஒட்டிய துண்டு வேண்டாம். முழு வீடியோதான் வேண்டும்.